வானொலிக்கு நாள் வகுத்த ஜான் ரீத்

ஒரு மனிதரின் பெயர் ஊருக்கு வருவதுண்டு, அணைக்கு வருவதுண்டு, விஞ்ஞானியானால் ஓர் அளவைக்கும் வருவதுண்டு. ஜான் ரீத் என்பவரின் பெயர் ஓர் அடைமொழியாகி அகராதியில் ஏறியது. கேட்பவருக்கு இனிமை மட்டும் போதாது, அறிவும் சேர வேண்டும், அதுவும் கிடைப்பதில் உயர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஒலிபரப்பை ஆங்கிலத்தில் 'ரீத்தியன்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். புகழ்பவரும் அச்சொல்லைத்தான் எடுக்கிறார்கள். ஏசுபவரும் அதையேதான் எடுக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பற்றித் தோழர்களுக்குச் சொல்வதே என் நோக்கம்.

இதழியல் பாடத்துக்காக வானொலியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது என்னை நிறுத்தியது ஒரு சிறிய கேள்வி. இலண்டனில் பி.பி.சி.யின் 'ரேடியோ 4' என்றொரு வானொலி உண்டு. காலையில் செய்தியும் வாதமும்; பின்னர் மகளிர் நிகழ்ச்சி; பகலில் ஒரு தத்துவ உரையாடல்; பிற்பகலில் நாடகம்; மாலையில் நகைச்சுவை, கிராமத்துத் தொடர் நாடகம், கலைத்துறைச் செய்திகள்; இரவில் ஒரு நூலை வாசிக்கக் கேட்கலாம்; நள்ளிரவு கடந்தால் மாலுமிகளுக்கான கடல் வானிலை. பேச்சும் நாடகமும் கலையும் கலந்த இத்தகைய நாள் நம் திருச்சி, சென்னை, கோவை நிலையங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் புதிதன்று. பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும். மகளிர் மன்றத்தை அடுத்து உழவருக்கு ஒரு நிகழ்ச்சி, அதை அடுத்து கருநாடக இசை, அதை அடுத்து நாடகம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இவற்றை ஒரே நாளில் வரிசையாகக் கோக்க வேண்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியது? தேடிப் போனால் ஆறடி ஆறங்குல உயரமுள்ள ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

1889ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்டோன்ஹேவன் என்னும் சிற்றூரில் ரீத் பிறந்தார். தந்தையார் ஒரு கிறித்துவப் போதகர். கிளாஸ்கோ நகரில் புகழ்பெற்ற தேவாலயம் ஒன்றின் குரு. ஏழு பிள்ளைகளில் இவரே கடைசி. ஞாயிற்றுக்கிழமை என்றால் விளையாட்டும் கேளிக்கையும் இல்லாத வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பின்னாளில் ஒரு நாடு முழுவதும் கேட்க வேண்டி வரும் என்று அப்போது யார் அறிவார்!

மகன் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றவன் அல்லன் என்று தந்தை முடிவு செய்தார். கிளாஸ்கோவில் இரயில் எஞ்சின் செய்யும் பட்டறையில் தொழில் பழக விட்டார். கரியும் எண்ணெயும் படிந்த உடையோடு விடியற்காலையில் வேலைக்குப் போன அந்த ஆண்டுகளை ரீத் மறக்கவில்லை. பட்டம் பெறாத குறையையும் மறக்கவில்லை. இலட்சக்கணக்கானவர்களுக்கு வீட்டு வாசலில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற வெறி அவருக்கு இங்கிருந்துதான் தோன்றியிருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் நம்மைப் போன்ற அரசுக் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இந்த ஊகம் அந்நியமாகத் தோன்றாது.

முதல் உலகப் போர் வந்தது. 1915 அக்டோபரில் பிரான்சுப் போர்முனையில் மறைந்திருந்த எதிரியின் குண்டு ரீத்தின் இடக்கன்னத்தைத் துளைத்தது. உயிர் பிழைத்தார், வடு முகத்தில் நிலைத்தது. அதன்பின் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, பிரிட்டனுக்காகத் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வை செய்தார். போர் முடிந்து ஊர் திரும்பி ஓர் இரும்புத் தொழிற்சாலையை நடத்தினார். 1922இல் அதையும் விட்டு இலண்டன் வந்தபோது அவருக்கு வயது முப்பத்துமூன்று, கையில் வேலையில்லை.

அந்த அக்டோபரில் 'மார்னிங் போஸ்ட்' நாளிதழில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. புதிதாகத் தோன்றும் ஒலிபரப்புக் கம்பெனிக்கு அலுவலர்கள் தேவை. ரீத் விண்ணப்பம் எழுதித் தம் மன்றத்தின் தபால் பெட்டியில் போட்டுவிட்டார். பிறகுதான், தேர்ந்தெடுக்கும் சர் வில்லியம் நோபிள் எந்த ஊர்க்காரர் என்று ஒரு நூலில் தேடிப் பார்த்தார். அவர் அபெர்டீன் பகுதியைச் சேர்ந்தவர்! ரீத்தின் முன்னோரும் அப்பக்கத்தவரே. உடனே கடிதத்தைப் பெட்டியிலிருந்து திரும்ப வாங்கி, தம் பூர்வீகத்தையும் ஒரு வரி சேர்த்து மீண்டும் போட்டார். நேர்முகத் தேர்வுக்குப் போனபோது ஒலிபரப்பு என்றால் என்னவென்றே தமக்குத் தெரியாது என்று பின்னர் அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது. ஊர்ப்பாசத்தின் வலிமை நமக்கு மட்டுமே உரியதன்று போலும்!

அன்று பி.பி.சி. என்பது ஒரு கம்பெனி. வானொலிப் பெட்டி செய்யும் வணிகர்கள், மார்க்கோனி கம்பெனி உட்பட, ஒன்றுசேர்ந்து தொடங்கியது. பெட்டி விற்க வேண்டுமானால் பெட்டியில் ஏதாவது கேட்க வேண்டும், அதற்காகத்தான் நிகழ்ச்சிகள். 1922 நவம்பர் 14ஆம் நாள் இலண்டன் நிலையம் பேசத் தொடங்கியிருந்தது. டிசம்பர் கடைசியில் ரீத் பொது மேலாளராகப் பொறுப்பேற்றபோது மொத்த ஊழியர் நால்வர். உரிமம் பெற்றிருந்த வீடுகள் ஏறத்தாழ 36,000. உரிமத்துக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங். அதில் ஒரு பகுதி கம்பெனிக்கு. (நம் நாட்டிலும் வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமம் வாங்கிய காலம் உண்டு. நம் மூத்த பேராசிரியர்களைக் கேட்டால் அந்தச் சிறு புத்தகத்தின் நினைவைச் சொல்வார்கள்.)

வணிகர்கள் எதிர்பார்த்தது ஒரு நல்ல நிர்வாகியை. வந்து சேர்ந்ததோ போதகரின் மகன். இந்தக் கருவி ஒரு கடைச்சரக்கு அன்று, பொதுச்சொத்து என்று அவர் சில மாதங்களிலேயே முடிவுகட்டிவிட்டார். அவர் கணக்கு எளியது. அலைகளுக்கு வாயிற்காப்போன் கிடையாது. அரங்குக்குள் நுழையப் பணம் வேண்டும், நல்ல உடை வேண்டும். அலை அரண்மனைக்குள்ளும் நுழையும், சுரங்கத் தொழிலாளியின் குடிசைக்குள்ளும் நுழையும். எடுக்க எடுக்கக் குறையாத பொருள் அது. அப்படியானால் அதை எதற்காக மலிவான சரக்கால் நிரப்ப வேண்டும்? 1924இல் அவர் எழுதிய நூலில் இந்த எண்ணம் தெளிவாக வந்துவிட்டது. மக்கள் விரும்புவதைக் கொடுப்பதே முறை என்பவர்களுக்கு அவர் விடை, மக்களுக்குத் தாங்கள் எதை விரும்பக் கூடும் என்பதே இன்னும் தெரியாது என்பதுதான். கேட்காததை எப்படி விரும்புவது?

இந்த ஓர் எண்ணத்திலிருந்துதான் கலவை நாள் பிறந்தது. இசைக்கு ஒரு நிலையம், பேச்சுக்கு ஒரு நிலையம் என்று பிரித்துக் கொடுத்தால் இசைப்பிரியன் பேச்சுக்கு வரவே மாட்டான். ஒரே அலைவரிசையில் நடன இசையை அடுத்துப் பறவைகள் பற்றிய உரை வந்தால், பெட்டியை அணைக்கச் சோம்பிய ஒருவன் அதையும் கேட்டுவிடுவான். பத்துப் பேரில் ஒருவனுக்காவது அது பிடித்துப்போகும். அந்த ஒருவனுக்காகவே ரீத் நாளை வகுத்தார் எனலாம்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் அப்பத்தா நினைவுக்கு வந்தார். அவருக்கு வேண்டியது திரைப்பாட்டு மட்டுந்தான். பாட்டு நேரத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து, நெற்பயிருக்கு வரும் நோய்களின் பெயர்களையெல்லாம் உழவர் நிகழ்ச்சியில் கற்றுக்கொண்டுவிட்டார். எங்களுக்கு வயலே கிடையாது என்பது வேறு செய்தி.

ஆனால், வகுத்த நாளில் எதை வைப்பது? தொடக்க ஆண்டுகளின் செழுமையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 1923 மே 28இல் ஷேக்ஸ்பியரின் ஒரு முழு நாடகம் காற்றில் ஏறியது. மேடையைக் காணாமல் நாடகம் எப்படி நிற்கும் என்று அஞ்சியவர்கள் உண்டு. அவர்களுக்கு விடையாக 1924 ஜனவரி 15இல் வந்தது 'டேஞ்சர்' என்னும் நாடகம். எழுதியவர் ரிச்சர்டு ஹியூஸ் என்ற இளைஞர். வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்ற பெயர் அதற்கு உண்டு. காட்சி தெரியாதது குறைதானே? அந்தக் குறையையே அவர் கதையாக்கிவிட்டார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துபோகிறது, அகப்பட்டவர்களுக்கு எதுவும் தெரியவில்லை, கேட்பவருக்கும் தெரியவில்லை. வீட்டு விளக்கையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று நேயர்களிடம் சொல்லப்பட்டது. இருட்டுக்குள் அமர்ந்திருந்த ஒரு நாடு, வானொலி நாடகம் என்ற கலையை அன்று கண்டுகொண்டது.

அதே 1924 மே மாதத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பியாட்ரிஸ் ஹாரிசன் என்னும் இசைக்கலைஞர், தம் தோட்டத்தில் இரவில் செல்லோ வாசித்தால் நைட்டிங்கேல் பறவை உடன் பாடுகிறது என்றார். கருவிகளைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய் அதை நேரடியாக ஒலிபரப்ப வேண்டும் என்றார். ரீத் தயங்கினார், பறவை பாடாமல் ஏமாற்றிவிட்டால்? கடைசியில் சம்மதித்தார். பறவை பாடியது. வாழ்நாளில் அக்குரலைக் கேட்டிராத நகரத்து மக்கள் வீட்டுக்குள் அமர்ந்து கேட்டனர். மணிக்கு ஒருமுறை வரும் ஆறு 'பிப்' ஒலிகளும் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தொடங்கின. நாள் என்பதற்கு ஒரு தாளம் கிடைத்தது.

செய்தித்தாள் முதலாளிகள் மட்டும் மகிழவில்லை. மாலை ஏழு மணிக்கு முன் வானொலியில் செய்தி கூடாது என்று ஒப்பந்தம் வாங்கி வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலை அச்சிடவும் கட்டணம் வேண்டும் என்று மிரட்டினார்கள். ரீத், தாமே ஓர் இதழ் நடத்திவிடுவது என்று தீர்மானித்தார். 1923 செப்டம்பர் 28இல் 'ரேடியோ டைம்ஸ்' பிறந்தது. பகைவர் அடைத்த வழியே அவருக்குப் புதுவழி ஆயிற்று.

நிகழ்ச்சிகளுக்கிடையே சில நிமிடம் மௌனம் விடும் வழக்கமும் அன்று இருந்தது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தொண்டையில் ஏறி நிற்கக் கூடாது. கேட்டதை எண்ணிப் பார்க்க இடைவெளி வேண்டும். தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டதுபோல் பெட்டியை ஓடவிடக் கூடாது. இன்று நம் கைப்பேசியில் ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகிறது. நாம் எதை விரும்பினோமோ அதைப் போன்றதே மீண்டும் மீண்டும் வருகிறது. ரீத் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அவருடைய கடுமையைச் சொல்லியாக வேண்டும். புகழ் மட்டும் பாடி முடித்தால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. வரவேற்பு மடல் ஆகிவிடும்.

1926 ஜனவரி 16ஆம் நாள், ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் எடின்பரோ நகரிலிருந்து ஒரு நகைச்சுவை உரை நிகழ்த்தினார். செய்தி வாசிப்பது போன்ற பாவனை. இலண்டனில் கலகம், பெரிய மணிக்கூண்டு தகர்ந்தது, விடுதி எரிந்தது என்றெல்லாம் வந்தது. வேடிக்கை என்று முன்னமே சொல்லப்பட்டிருந்தும், இடையில் பெட்டியைத் திறந்தவர்கள் மெய்யென்று நம்பிப் பதறினர். ஆர்சன் வெல்ஸ் அமெரிக்காவைக் கலக்கிய 1938க்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே நடந்தது இது. வானொலியில் வரும் பேச்சை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது அன்று அனைவருக்கும் புரிந்தது. அரசுக்கும் புரிந்திருக்கும்.

நான்கே மாதத்தில் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. 1926 மே மாதத் தொடக்கத்தில், சுரங்கத் தொழிலாளருக்கு ஆதரவாகப் பிரிட்டன் முழுவதும் பொது வேலைநிறுத்தம். அச்சகங்கள் நின்றன. நாளிதழ்கள் இல்லை. செய்திக்கு வானொலி ஒன்றே வழி. அமைச்சராயிருந்த சர்ச்சில், நிலையத்தை அரசே கைப்பற்ற வேண்டும் என்றார். ரீத் அதைத் தடுத்தார்; அந்தப் பெருமை அவருடையதே. தொழிற்சங்கங்களின் அறிக்கைகளும் செய்தியில் இடம்பெற்றன. ஆனால் தடுத்ததற்கு விலை என்ன? பிரதமர் பால்ட்வின் நாட்டு மக்களுக்குப் பேசினார். பேசியது ரீத்தின் சொந்த வீட்டிலிருந்து. உரையில் ஒரு கருத்தைச் சேர்க்கச் சொன்னவரும் ரீத்தே. எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டு பேச இடம் கேட்டார், கிடைக்கவில்லை. சமரசம் பேச வந்த கேண்டர்பரி பேராயரே முதலில் காத்திருக்க வைக்கப்பட்டார். மே 12ஆம் நாள் வேலைநிறுத்தம் முடிந்த செய்தியையும் ரீத்தே வாசித்தார். நாம் முழு நடுநிலையில் நிற்க மாட்டோம் என்ற நம்பிக்கை அரசுக்கு இருந்தது என்னும் பொருளில் அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வீட்டைக் காப்பாற்றுவதற்காகக் கூடத்தை விட்டுக்கொடுத்தார் என்று சொல்லலாமா? நம் வரலாற்றுத் துறையில் இதைக் குறித்து ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். வேறு எவராக இருந்தாலும் முழு வீடும் போயிருக்கும் என்று ஓர் அணி பேசும். கூடம் போனபின் வீடு எதற்கு என்று மற்றோர் அணி கேட்கும். நான் இரண்டாம் அணியில் அமர்வேன்.

எப்படியாயினும் 1927 ஜனவரி 1ஆம் நாள் வணிகர் கம்பெனி மறைந்து, அரச சாசனம் பெற்ற பொது நிறுவனமாகப் பி.பி.சி. மாறியது. ரீத் அதன் முதல் தலைமை இயக்குநர். அவ்வாண்டே 'சர்' பட்டமும் வந்தது.

அந்நிறுவனத்துக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண்மணி. ஹில்டா மாதெசன். 1926இல் ரீத்தே அழைத்துவந்து உரைத்துறையை ஒப்படைத்தார். அதுவரை வானொலியில் பேச வந்தவர்கள் இரண்டு வகையாகப் பேசினார்கள். ஒன்று மேடை முழக்கம், மற்றொன்று கட்டுரை வாசிப்பு. இரண்டும் வீட்டுக்குள் எடுபடாது என்று மாதெசன் கண்டார். கேட்பவர் இலட்சக்கணக்கானோர் என்றாலும் அவர்கள் கூட்டமல்லர். கணப்படுப்பின் அருகே ஒருவர், சமையலறையில் ஒருவர் என்று தனித்தனியே இருப்பவர்கள். எனவே ஒருவரிடம் பேசுவதுபோல் பேச வேண்டும்; எழுத்தை அதற்கேற்ப உடைத்து எழுத வேண்டும்; ஒத்திகை பார்க்க வேண்டும். பெரிய பெரிய எழுத்தாளர்களையும் உட்கார வைத்து இப்பாடத்தை நடத்தினார். எச்.ஜி.வெல்ஸ் வந்தார், ஈ.எம்.பார்ஸ்டர் வந்தார், பெர்னார்டு ஷா வந்தார். மூன்று கட்சிகளும் நேருக்கு நேர் வாதிடும் நிகழ்ச்சியையும் அவர் துறை நடத்தியது. இன்று நம் வானொலியில் ஒருவர் நண்பரைப் போல் பேசுவதைக் கேட்கும்போது, அந்த இயல்புக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருந்திருக்கிறது என்பதை நினைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ரீத்துக்கும் அவருக்கும் நாளடைவில் ஒத்துப்போகவில்லை. மாதெசன் புதிய இலக்கியத்தையும் புதிய கருத்துகளையும் உள்ளே கொண்டுவந்தார். ரீத்துக்கு அவை பிடிக்கவில்லை. 1931இல் ஹெரால்டு நிக்கல்சன் புதுமை இலக்கியம் பற்றித் தொடர் உரை நிகழ்த்தியபோது, பிரிட்டனில் தடை செய்யப்பட்டிருந்த ஜாய்சின் 'யுலிசீஸ்' நாவலின் பெயர் வரக் கூடாது என்று பூசல் எழுந்தது. மாதெசன் பதவி விலகினார். 1932 தொடக்கத்தில் வெளியேறினார். மறு ஆண்டே ஒலிபரப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இன்றும் அது வாசிக்கத் தகுந்தது. 1940இல் ஐம்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

மக்கள் தாங்கள் அறியாததைக் கேட்க வேண்டும் என்பது ரீத்தின் கொள்கை. தாம் அறியாத ஒன்றைக் கேட்க நேர்ந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. அவர் வாழ்க்கையின் முரண் எல்லாம் இந்த ஓர் இடத்தில் வந்து குவிவதாக எனக்குப் படுகிறது. மாதெசன் ஒருவர் மட்டுமல்லர். திறமைமிக்க தலைமைப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லி, மணவிலக்கு வழக்கில் சிக்கினார் என்பதற்காகவே 1929இல் வேலையை இழந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். தந்தை வீட்டு ஞாயிற்றை ரீத் அப்படியே நாட்டுக்குப் பொதுவாக்கினார். காலையில் தேவாலய நேரத்தில் ஒலிபரப்பு இல்லை. பிறகு வழிபாடு, தெய்வீக இசை, ஆழ்ந்த உரை. நடன இசையும் நகைச்சுவையும் அண்டக் கூடாது. வாரம் ஆறு நாள் உழைத்த தொழிலாளிக்கு ஓய்வு கிடைப்பது அந்த ஒரு நாள். அவன் என்ன செய்வான்? பெட்டியின் முள்ளைத் திருப்பினான். பிரான்சிலிருந்து ரேடியோ நார்மண்டியும், 1933 முதல் ரேடியோ லக்சம்பர்க்கும் விளம்பரத்தோடு பாட்டை அள்ளி வழங்கின. ஞாயிறுதோறும் பிரிட்டிஷ் நேயர்கள் கடல் கடந்து போனார்கள்.

இக்கதையை நாம் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சாஸ்திரீய இசையை வளர்ப்பதற்காக நம் வானொலியில் திரையிசையை ஒடுக்கினார். நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி வர வேண்டியிருந்தது. நல்லதை ஊட்டலாம், வாயை மூடிப் பிடித்து ஊட்ட முடியாது போலும்.

இந்திய வானொலிக்கும் ரீத்துக்கும் உள்ள தொடர்பு இதோடு நிற்கவில்லை. பம்பாயில் 1927இல் தொடங்கிய தனியார் ஒலிபரப்புக் கம்பெனி மூன்றே ஆண்டில் நொடித்தது. இந்தியாவில் பொது ஒலிபரப்பு வேண்டும் என்று ரீத் தொடர்ந்து வலியுறுத்தி வந்தார். 1935இல் பி.பி.சி. உரைத்துறையில் பணியாற்றிய லயனல் பீல்டன் இங்கே முதல் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அதிகாரியாக வந்தார். 1936 ஜூனில் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் சூட்டப்பட்டது. 1938 ஜூன் 16இல் சென்னை நிலையம். 1939 மே மாதத்தில் திருச்சி நிலையம். ஆக, எங்கள் அப்பத்தா கேட்ட அந்தக் கலவை நாள் இலண்டனிலிருந்து தில்லி வழியாகத் திருச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வந்தபின் அது நாகசுரம் கேட்டது, தெருக்கூத்து கேட்டது, வேறு நாளாகவே மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

சென்னை நிலையம் திறந்து சரியாக இரண்டு வாரத்தில், 1938 ஜூன் 30ஆம் நாள், ரீத் பி.பி.சி.யை விட்டு வெளியேறினார். பிரதமர் சேம்பர்லின், விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் தலைமைக்கு அவரை அழைத்திருந்தார். நால்வரோடு தொடங்கிய நிறுவனத்தில் அன்று ஆயிரக்கணக்கானோர் பணியாற்றினர். 36,000 உரிமங்கள் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்தன. கடைசி இரவில் அவர் பிரிவு விருந்து எதற்கும் போகவில்லை. டிராய்ட்விச் என்னும் ஊரிலிருந்த நெட்டலை ஒலிபரப்பு நிலையத்துக்குச் சென்றார். நள்ளிரவில் அன்றைய ஒலிபரப்பு முடிந்ததும் எந்திரத்தைத் தம் கையாலேயே நிறுத்தினார். வருகையாளர் ஏட்டில் தம்மைப் பி.பி.சி.யின் முன்னாள் மனிதர் என்று குறித்துக் கையெழுத்திட்டுப் போனார். எஞ்சின் பட்டறையில் தொழில் பழகியவர் விடைபெற வேண்டிய முறை அதுதான் என்று தோன்றுகிறது.

மீதி முப்பத்துமூன்று ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். அவருக்கே அவற்றில் நிறைவில்லை. போர்க்காலத்தில் அமைச்சரானார், பிரபுவானார். 1942இல் சர்ச்சில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். வேலைநிறுத்தக் காலப் பகை இருபுறமும் ஆறவில்லை. நாட்குறிப்பில் கசப்பைக் கொட்டினார். 1975இல் அது அச்சேறியபோது, முப்பதுகளில் இட்லரின் திறமையை அவர் பாராட்டியிருந்த பக்கங்களும் வெளிவந்தன. பின்னாளில் அவர் மகளும் தந்தையைப் பற்றி நேர்மையான நூல் ஒன்று எழுதினார். ஒரு தேசத்தின் செவியைப் பதினைந்து ஆண்டு தம் கையில் வைத்திருந்தவர், தம் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்தும் பணி தமக்குக் கிடைக்கவே இல்லை என்று 1960இல் தொலைக்காட்சிப் பேட்டியில் வருந்தினார். கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள்.

1948இல் பி.பி.சி. ஆண்டுதோறும் ஒரு பேருரைத் தொடரை அவர் பெயரால் தொடங்கியது. முதல் உரையாளர் பெர்ட்ரண்டு ரசல். பொருள், அதிகாரமும் தனிமனிதனும்! இப்பொருளைத் தேர்ந்தது தற்செயலா, குறும்பா என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அவரை உண்மையில் புண்படுத்தியது வேறொன்று. 1946 செப்டம்பர் 29இல் பி.பி.சி. 'மூன்றாம் நிகழ்ச்சி' என்ற புதிய அலைவரிசையைத் தொடங்கியது. உயர்ந்த இசை, கவிதை, அரிய நாடகம், ஆழ்ந்த உரை எல்லாம் அதில். எளிய பொழுதுபோக்குக்கு வேறோர் அலைவரிசை. பொது நிகழ்ச்சிக்கு மற்றொன்று. உலகமே அதைப் பண்பாட்டின் வெற்றி என்று கொண்டாடியது. உயர்ந்தது வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் போராடிய ரீத் துள்ளிக் குதித்திருக்க வேண்டுமே! அவர் அதை எதிர்த்தார். உயர்ந்ததை ஒரு தனி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்; இனி அங்கே போகிறவன், முன்னமே அதை விரும்பியவன் மட்டுந்தான். நடன இசைக்காகக் காத்திருக்கும் எவனும் இனித் தவறிப்போய் ஒரு கிரேக்க நாடகத்தில் விழ மாட்டான் என்பது அவர் வருத்தம். எனக்கு ரீத்தின் மேல் உள்ள குறைகள் பல. இந்த வருத்தத்தில் மட்டும் அவர் பக்கமே நிற்கிறேன்.

1967இல் அலைவரிசைகள் மீண்டும் பெயர் மாறின. பொது நிகழ்ச்சியின் வழிவந்தது 'ரேடியோ 4' ஆயிற்று. பேச்சும் நாடகமும் கலையும் கலந்த நாள் அங்கே தங்கிவிட்டது. பட்டம் பெறாத ரீத்தைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் 1965இல் தங்கள் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர். அந்தப் பதவிக்கு வாக்களிப்பவர்கள் மாணவர்களே. 1971 ஜூன் 16ஆம் நாள், சென்னை நிலையம் பேசத் தொடங்கி முப்பத்துமூன்று ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், எடின்பரோவில் ரீத் காலமானார்.